விஷமில்லாத குளம்

பதினோரு மீன்கள் ஒரு சாக்கின் மேல் வரிசையாகக் கிடந்தன. ஆரஞ்சும் வெள்ளையும் கறுப்புத் திட்டுமாக ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம். காலை ஒன்பது மணி வெயிலில் செதில்கள் இன்னும் மின்னிக்கொண்டிருந்தன.

"மூணாவது தடவை பாய்," என்றார் ஜக்கையன். "மொத ரெண்டு தடவையும் ஏதோ சீக்குன்னு விட்டுட்டேன். இந்தத் தடவை விட மாட்டேன். செஞ்சவன் ரெண்டு கையும் எனக்கு வேணும்."

ஏலக்காய் எஸ்டேட் முதலாளி அவர். எஸ்டேட் மலைச்சரிவில் இருந்தது. வீடு, போடிநாயக்கனூரைத் தாண்டி மலை தொடங்கும் இடத்தில் இருந்தது. வீட்டுத் தோட்டத்தில் ஐந்து மாதங்களுக்கு முன்புதான் இந்தக் குளத்தை வெட்டியிருந்தார். சென்னையிலிருந்து வரவழைத்த கோய் என்ற ஜப்பானிய அலங்கார மீன்கள். தினமும் காலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தன் கையாலேயே இரை போடுவாராம்.

சாதிக் பாட்சா குளத்தைச் சுற்றி நடந்தார். இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, எரிந்துபோன ஏலக்காய் ஸ்டோர்களுக்குள் நுழைந்து எது தானாக எரிந்தது, எதைக் கொளுத்தினார்கள் என்று கண்டுபிடித்துச் சொன்னவர். இப்போது போடி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். அலுவலகத்தின் மொத்த ஊழியர் பானுப்பிரியா மட்டும்தான். தேவாரத்துக்காரி. ஸ்கூட்டர் ஓட்டுவது, போட்டோ எடுப்பது, வாய் பேசுவது என்று மூன்று வேலையும் அவளுடையது. மூன்றாவதற்குச் சம்பளம் கிடையாது.

"ஆள் யாருன்னு தெரியுமா?" என்றார் சாதிக்.

"தெரியும். திருப்பதி. எங்கிட்ட ஜீப்பு ஓட்டினவன். என் சோத்தைத் தின்னுட்டு என்னையே காட்டிக் குடுத்தான், வெரட்டி விட்டேன். நேத்துச் சாயங்காலம் காம்பவுண்டு ஓரமா ஜீப்பை நிறுத்தியிருக்கான். வாட்ச்மேன் பாத்திருக்கான்."

"என்ன காட்டிக் குடுத்தான்?"

"அது பழைய கதை. இதைப் பாருங்க."

ஜக்கையன் ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். உள்ளே பச்சை நிறத்தில் ஒரு டப்பா மூடி. மேலே சிவப்புப் பெயிண்டில் 'ஜ' என்று ஓர் எழுத்து.

"குளத்துக் கரையில கிடந்துச்சு. ஏலத்துக்கு அடிக்கிற மருந்து. கடையில கிடைக்காது. ஒரு மூடி அளவு ஊத்தினாப் போதும், குளமே காலி. என் எஸ்டேட் ஸ்டோர்ல இருக்கிற டப்பாவோட மூடி இது. அந்த எழுத்து நான் போட்ட அடையாளம்."

சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார். போலீசுக்கு எழுதிய புகார். 'எனது எஸ்டேட் ஸ்டோரில் இருந்த மேற்படி மருந்தைத் திருடி எனது குளத்தில் கலந்து' என்று இரண்டாவது வரியிலேயே விஷயத்துக்கு வந்திருந்தார்.

"வெறும் மீனுன்னு போய் நின்னா ஸ்டேஷன்ல சிரிப்பாங்க. உங்க ரிப்போர்ட்டு கூட இருந்தா கேசு நிக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போறேன். அஞ்சு மணிக்கு என் ஆளுங்க திருப்பதி வீட்டுக்குப் போவாங்க." வாசலில் ஒரு ஜீப் நின்றது. அதில் இரண்டு பேர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். "ஜெயிலுக்குப் போறவன் கையோட போகக்கூடாது."

"கை இல்லாம எப்படிய்யா கைநாட்டு வைப்பான்?" என்றாள் பானு.

ஜக்கையன் அவளை முறைத்துவிட்டு வீட்டுக்குள் போனார்.

சாதிக் மூடியை வெயிலில் தூக்கிப் பார்த்தார். உள்பக்க மரையில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தார். பீடித்தூள்.

"பானு, இந்தத் திருப்பதி பீடி குடிப்பானா?"

"அவரு வெத்தலை போடுற ஆளுண்ணே. அவரு ஜீப்புல பின்சீட்டுல உக்காந்தா சட்டையெல்லாம் செவந்துரும். நான் ரெண்டு சுடிதாரை இழந்திருக்கேன். நேத்துக் காம்பவுண்டு ஓரமா நிறுத்தினதும் வெத்தலை துப்பத்தான் இருக்கும்."

"அப்ப இந்த மூடி ரொம்ப நாள் வேற யாரோ ஒருத்தன் சட்டைப் பையில பீடியோட இருந்திருக்கு. சரி, அங்க என்ன பாக்குற?"

பானு சாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தக் காக்கா வந்து அரை மணி நேரமாச்சு. ஒரு மீனை முக்காவாசி முடிச்சிருச்சு. இப்ப வாயைத் தொடச்சுட்டு அடுத்ததுக்குப் போகுது. இவரு சொல்ற மருந்து இந்த மீனுக்குள்ள இருந்தா, காக்கா இந்நேரம் சாக்குல பன்னெண்டாவதாப் படுத்திருக்கணும்."

சாதிக் குளத்தோரம் குனிந்தார். கல் இடுக்கில் தேங்கியிருந்த தண்ணீரில் கொசுப் புழுக்கள் சுகமாக நெளிந்தன. மேலே நீர்ப்பூச்சிகள் ஓடின. பூச்சியைக் கொல்லத் தயாரித்த மருந்து பூச்சியை விட்டுவிட்டு மீனை மட்டும் கொன்றிருக்கிறது. தண்ணீரோ, அடியில் கிடக்கும் சில்லறையை எண்ணிவிடலாம் போல அத்தனை தெளிவு.

குளத்தின் ஒரு மூலையில் ஒரு கல் தொட்டி இருந்தது. மோட்டார் குளத்துத் தண்ணீரை எடுத்து அந்தத் தொட்டியில் கொட்டும். தண்ணீர் கூழாங்கற்களுக்கு இடையே வடிந்து மறுபடி குளத்துக்கு வரும். சாதிக் ஒரு கல்லை எடுத்தார். வெள்ளை வெளேர் என்று இருந்தது. விரலால் தேய்த்தால் கிறீச்சிட்டது. முகர்ந்தால் பிளீச்சிங் பவுடர் வாசனை.

"எங்க வீட்டு ஈயப் பாத்திரம்கூட இவ்வளவு சுத்தமா இல்லண்ணே," என்றாள் பானு.

"இதை யாரு கழுவுறா?" என்று சாதிக் வாட்ச்மேனைக் கேட்டார்.

"சுருளியம்மா. தோட்ட வேலை பாக்குது. ஒண்ணரை மாசத்துக்கு ஒருக்கா ஒவ்வொரு கல்லா எடுத்து டவுன் குழாய்த் தண்ணியில தேச்சுக் கழுவும். அய்யாவே நாற்காலியில உக்காந்து, இன்னும் நல்லாத் தேயின்னு சொல்லுவாரு. காலையில மீன் செத்ததைப் பாத்துட்டு, தலை சுத்துதுன்னு வீட்டுக்குப் போயிருச்சு. வீடு சிலமலையில."

"கடைசியா எப்பக் கழுவுச்சு?"

வாட்ச்மேன் விரல் விட்டு எண்ணினார். "நாலு நாளாச்சு."

பானு ஒரு தண்ணீர் பாட்டிலில் குளத்து நீரை மொண்டுகொண்டாள்.

*

அப்துல் சமதுவின் மீன் கடை, போடியில் இரண்டு ஏலக்காய்க் கடைகளுக்கு நடுவில் இருந்தது. கண்ணாடித் தொட்டிகளுக்குள் மீன் நீந்த, கடை முழுக்க ஏலக்காய் மணந்தது. ஜக்கையனின் குளத்தை அமைத்துக் கொடுத்தவர் அவர்தான்.

"மூணாவது தடவையுமா?" என்றார் சமது. முகம் சுருங்கிவிட்டது. "பாட்டிலைக் கொண்டா தங்கச்சி."

ஒரு சின்ன கண்ணாடிக் குழாயில் அந்தத் தண்ணீரை ஊற்றி, இரண்டு குப்பிகளிலிருந்து சொட்டுச் சொட்டாக மருந்து விட்டுக் குலுக்கினார். "மஞ்சளாவே இருந்தா நல்ல தண்ணி. பச்சை ஆச்சுன்னா கெட்டது."

ஐந்து நிமிடம் காத்திருந்தார்கள். குழாயில் மஞ்சள் மெல்லப் பச்சையாகி, பச்சை இருண்டு, மலைக்காட்டின் நிறத்துக்கு வந்தது.

"விஷம்தானா?" என்றாள் பானு.

"விஷம்தான். ஆனா யாரும் ஊத்தலை. மீனே போட்டது. அது சாப்பிடுறதும் அங்கதான், கக்கூஸ் போறதும் அங்கதான். அந்த அழுக்குலேருந்து அமோனியா வரும். செவுளை வேக வச்சிரும். ஆத்துல தண்ணி ஓடிருது. குளத்துல எங்க போகும்? அதைத் தின்னுறதுக்குன்னே கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமி இருக்கு. அது கல்லு மேல வழவழன்னு பாசி மாதிரி படிஞ்சு இருக்கும். புதுக் குளத்துல அது ஊறி வர்றதுக்கே நாப்பது நாள் ஆகும். அதுவரைக்கும் மீன் கொஞ்சமா விடணும், இரை கொஞ்சமாப் போடணும், வாரத்துக்குக் கால்வாசித் தண்ணியை மாத்தணும். கல்லை அலசியே ஆகணும்னா குளத்துத் தண்ணியிலயே லேசா அலசணும், அதுவும் பாதிக் கல்லை மட்டும். டவுன் தண்ணியில பிளீச்சிங் பவுடர் இருக்கு. நமக்கு நல்லது. அந்தக் கிருமிக்கு எமன்."

"அப்ப ஒவ்வொரு தடவையும் கிருமி ஊறி வர்ற நேரம் பாத்து யாரோ தொடச்சு எடுத்திருக்காங்க," என்றார் சாதிக். "இதையெல்லாம் ஜக்கையன்கிட்டச் சொன்னீங்களா மச்சான்?"

"குளம் வெட்டின அன்னிக்கே சொன்னேன். அவரு போன்ல ஏலக்காய் வெலை பேசிட்டு இருந்தாரு. அங்க சோலி பாக்குற அம்மாதான் பக்கத்துல நின்னு ஒரு வார்த்தை விடாமக் கேட்டுச்சு." சமது கொஞ்சம் யோசித்தார். "ஒரு விஷயம் அப்பவே மனசுல உறுத்துச்சு. இருபது வருசமா கடை நடத்துறேன். எல்லாரும் மீனைச் சாகாம எப்படிக் காப்பாத்துறதுன்னு கேப்பாங்க. அந்த அம்மா மட்டும், எல்லாக் கல்லையும் நல்லாக் கழுவிட்டா எத்தனை நாள்ல சாகும்னு கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நாலு நாள்னு சொன்னேன். பயந்துபோய்க் கேக்குதுன்னு நெனச்சேன்."

சாதிக் எழுந்தார்.

"உலகத்துலயே சுத்தமா இருந்ததுக்காக மாட்டுற மொத ஆளு இதுவாத்தான் இருக்கும்," என்றாள் பானு, ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டே.

*

சிலமலையில் சுருளியம்மாளின் வீடு ஊர்க் கடைசியில் இருந்தது. ஒற்றை அறை, தகரக் கூரை. அவளுக்கு நாற்பது வயதிருக்கலாம். தலை சுற்றியவள் மாதிரித் தெரியவில்லை. நிதானமாக வந்து வாசலில் நின்றாள்.

"மீனு விஷயமா வந்தோம் அக்கா," என்றாள் பானு.

"பாவம் அதுக," என்றாள் சுருளியம்மாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது தாயி. சுத்தமா வச்சுக்கன்னு அய்யா சொன்னாரு, வச்சுக்கிட்டேன்."

வீட்டின் பக்கவாட்டில், துணி துவைக்கும் கல்லுக்கு அருகே ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. சாதிக் எட்டிப் பார்த்தார். விரல் நீள கோய் மீன்கள் நான்கு உள்ளே நீந்திக்கொண்டிருந்தன. அடியில் பச்சையாக, வழவழப்பாக, ஒருமுறைகூடக் கழுவாத கூழாங்கற்கள்.

"சொந்த வீட்டுல மட்டும் ஏம்மா கல்லைக் கழுவலை?" என்றார்.

அவள் தொட்டியின் மேல் குனிந்தாள்.

"அதுக சின்னக் குட்டிக. ஒவ்வொரு தடவையும் கழுவுறதுக்கு முன்னாடி முடிஞ்சதைக் கொண்டாந்துருவேன். பெரிசைத் தூக்கிட்டு வர முடியாதுல்ல." பிறகு நிமிர்ந்தாள். "கல்லைக் கழுவினது தப்புன்னா எழுதிக்கங்க."

"எழுதறதுக்கு இல்லம்மா வந்தது. அந்த மூடியை வச்சு ஜக்கையன் திருப்பதி மேல பழி போட்டிருக்காரு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ரெண்டு பேரு திருப்பதி கையை ஒடைக்கப் போறாங்க."

சுருளியம்மாளின் முகத்தில் அதுவரை இருந்த நிதானம் போய்விட்டது.

"திருப்பதி அண்ணனா? ஐயோ, அவரை நான் நெனைக்கவே இல்லையே. எனக்காகச் சாட்சி சொன்ன ஒரே ஆளு அவரு."

அதன்பிறகு அவள் எதையும் மறைக்கவில்லை. உள்ளே போய் ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தாள். சுவரில் மாலையோடு ஒரு போட்டோ இருந்தது. அவள் புருஷன் பிச்சைமணி, ஜக்கையனின் எஸ்டேட்டில் மருந்து அடிக்கிறவராக இருந்தவர். இரண்டு வருடங்களுக்கு முன்பு, பச்சை மூடி டப்பாவைக் கையுறையும் முகமூடியும் இல்லாமல் கலக்கி அடித்துவிட்டு வீட்டுக்கு வந்து விழுந்திருக்கிறார்.

"மூணு நாள் கெடந்தாரு. கண்ணுமணி சிறுத்துப் போச்சு. வாயில நுரையா வடிஞ்சுது. தண்ணி தண்ணின்னு கேப்பாரு, குடுத்தா எறங்காது. செத்த அன்னிக்கு அவரு சட்டையைத் தொவைக்க எடுத்தேன். பையில பீடிக்கட்டோட அந்த மூடி கெடந்துச்சு. போலீசுல விசாரணை வச்சாங்க. மூடியைக் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பதி அண்ணன், நான்தான் அந்த டப்பாவை ஜீப்புல லோடு ஏத்திட்டுப் போனேன்னு சொன்னாரு. ஜக்கையன் வந்தாரு. அப்படி ஒரு மருந்து என் எஸ்டேட்டுல இருந்ததே இல்ல, அந்த மூடி என்னோடது இல்ல, அவன் குடிச்சே செத்தான்னு எழுதி, எம் மூஞ்சியைக்கூடப் பாக்காமக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாரு. அவரு வீட்டுல நான் சோலிக்குச் சேந்தப்பக்கூட யாரு நீன்னு கேக்கலை. எம் புருசன் பீடியைத் தவிர எதையும் தொட்டதில்ல சார். ஆதாரம் இல்லைன்னு கேசை முடிச்சு, மூடியை எங்கிட்டயே குடுத்துட்டாங்க."

உறையிலிருந்து முத்திரை வைத்த நகல் ஒன்றை எடுத்து சாதிக்கிடம் கொடுத்தாள். ஜக்கையனின் வாக்குமூலம். கீழே சாய்வான கையெழுத்து.

"அதனால அவரு மீனைக் கொன்னீங்களா அக்கா?" என்றாள் பானு. அவள் குரலில் கேலி இல்லை.

"மீனைக் கொல்லணும்னு எனக்கு ஆசையா? அந்த மூடி என்னோடதுன்னு அவரு வாயாலயே சொல்லணும். அவரு கையாலயே எழுதணும். எனக்கு அது மட்டும் போதும். அதுக்கு அவரு பிரியம் வச்சிருக்கிற எதாச்சும் சாகணும். மனுசங்க மேல அவருக்குப் பிரியம் இல்ல. பொண்டாட்டி புள்ளை மேலயும் இல்ல. மீனு மேல மட்டும் இருந்துச்சு." அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். "விஷம் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? வைக்கலை. விஷமே இல்லாம எம் புருசன் செத்தாருன்னு சொன்னாருல்ல. விஷமே இல்லாம சாகுறது எப்படி இருக்கும்னு மூணு தடவை பாக்க வச்சேன். அவரு எதுக்க உக்காந்து, அவரு சொல்லச் சொல்ல, தேச்சுத் தேச்சுக் கழுவினேன். அவருக்குக் கோபம் தலைக்கு ஏறினப்பறம்தான் மூடியைக் கரையில போட்டேன்."

சாதிக் அந்த நகலை இரண்டு தடவை படித்தார். எரிந்த ஸ்டோர்களில் எத்தனையோ கொளுத்தியவர்களைப் பார்த்திருக்கிறார். இப்படி ஒரு நெருப்பைப் பார்த்ததில்லை.

"அவரு என்கிட்ட வேலை குடுத்தவரும்மா. கண்டுபிடிச்சதை நான் சொல்லியாகணும். குளத்துல விஷம் இல்ல, மூடி பழசு, திருப்பதி செய்யலைன்னு சொல்லுவேன். புகாரைக் கிழிச்சிருங்கன்னும் சொல்லுவேன். அவரு கேட்டுட்டா, நீங்க அஞ்சு மாசம் பட்ட பாடு அவ்வளவுதான்."

"சொல்லுங்க சார்," என்றாள் சுருளியம்மாள். "அவரு கேக்க மாட்டாரு."

பானு ஏற்கனவே போனை எடுத்திருந்தாள். "திருப்பதி அண்ணே, எங்க இருக்கீங்க? ஜீப்பை அப்படியே விட்டுட்டு வெரசா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்க. நீங்க எதுவும் செய்யலை, எனக்குத் தெரியும். உள்ள ஒரு பெஞ்சு இருக்கும், அதுல உக்காருங்க. இன்னிக்குப் போடியிலயே பத்திரமான எடம் அதுதான். வெத்தலையை மட்டும் வெளியவே துப்பிட்டுப் போங்க."

*

நாலு மணிக்கு ஜக்கையன் ஸ்டேஷனுக்கு வந்தபோது சாதிக் அங்கே இருந்தார். சப்-இன்ஸ்பெக்டர் சந்திரவல்லி மேஜைக்குப் பின்னால் இருந்தார். சுவரோரப் பெஞ்சில் திருப்பதி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்ததும் ஜக்கையனின் கழுத்து நரம்பு புடைத்தது.

"பிடிச்சுட்டீங்களா? சபாஷ் பாய்."

"உக்காருங்கய்யா," என்றார் சாதிக். "குளத்துல விஷம் இல்ல. தண்ணியைச் சோதிச்சாச்சு. புதுக் குளத்துல கல்லை டவுன் தண்ணியில கழுவக்கூடாது, கழுவினதால அழுக்கு சேர்ந்து மீன் செத்துருக்கு. நீங்களே பக்கத்துல உக்காந்து கழுவச் சொன்னீங்க. இந்த மூடி ரொம்பப் பழசு. திருப்பதிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. என் ரிப்போர்ட்டு இதுதான். அந்தப் புகாரைக் கிழிச்சுப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க."

"கல்லைக் கழுவினதாலயா? யாருகிட்டக் கதை விடுறீங்க? இவன் உங்களையும் வாங்கிட்டானா?"

"அய்யா, நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். ரெண்டாவது தடவையாச் சொல்றேன். புகார் வேணாம்."

"பாய், நீங்க போகலாம்." ஜக்கையன் காகிதத்தைப் பிரித்து மேஜைமேல் அறைந்தார். மூடியையும் வைத்தார். பேனாவை எடுத்து, எழுத்து அழுந்தும்படி கையெழுத்துப் போட்டார். பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். "இப்பப் போடா வெளிய, ஜீப்பு நிக்குது."

சந்திரவல்லி புகாரை ஒரு தடவை படித்தார். "இந்த மூடி உங்களோடதுதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"எழுத்து இருக்குல்ல. என் பெயிண்டு, என் கையெழுத்து மாதிரி அது. என் எஸ்டேட்டுல இருக்கிற ஒவ்வொரு டப்பாவிலயும் போட்டிருக்கேன்."

"இந்த மருந்து எவ்வளவு நாளா வச்சிருக்கீங்க?"

"மூணு வருசமா வாங்குறேன். ஏலத்துக்கு இதை மாதிரி எதுவும் கேக்காது."

"மூணு வருசம்," என்று சந்திரவல்லி எழுதிக்கொண்டார். "கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க."

போட்டார்.

சப்-இன்ஸ்பெக்டர் மேஜை டிராயரைத் திறந்து, சாதிக் முன்பே கொடுத்திருந்த முத்திரை வைத்த நகலை எடுத்து, புகாருக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு காகிதங்களிலும் ஒரே சாய்வான கையெழுத்து. ஒன்றில், அப்படி ஒரு மருந்து எஸ்டேட்டில் இருந்ததே இல்லை. இன்னொன்றில், மூன்று வருடமாக இருக்கிறது.

"இதுல எது பொய்?" என்றார் சந்திரவல்லி. "யோசிச்சுச் சொல்லுங்க. ஸ்டோரைப் பாக்க ஆள் அனுப்பிட்டேன். உங்க ஜீப்புல இருக்கிற ரெண்டு பேரையும் உள்ள வந்து உக்காரச் சொல்லியிருக்கேன். பழைய கோப்பை மறுபடி எடுக்கச் சொல்லி மேல எழுதப் போறேன்."

ஜக்கையன் புகாரை எடுக்கக் கை நீட்டினார். சந்திரவல்லி அதன்மேல் தன் உள்ளங்கையை வைத்தார். ஜக்கையன் சாதிக்கைப் பார்த்தார். சாதிக் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

அப்போதுதான் வாசலில் சுருளியம்மாள் நிற்பதை ஜக்கையன் கண்டார். முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

"நீ எங்க இங்க?"

"பிச்சைமணி சம்சாரம்யா நான்," என்றாள் அவள்.

ஜக்கையன் குனிந்தார். மேஜைமேல் இருந்த நகலில் அந்தப் பெயரைத் தேடினார், கண்டுபிடித்தார்.

சுருளியம்மாள் திருப்பதியைப் பார்த்தாள். அவனுடைய இரண்டு கைகளையும் பார்த்தாள். பிறகு எத்தனையோ காலைகளில் சொன்ன அதே பணிவான குரலில் சொன்னாள்:

"நாளையிலேருந்து நான் சோலிக்கு வரலைங்கய்யா. வேற ஆளைப் பாத்துக்கங்க."